யாருடைய கிட்டார், எந்த ஆம்ப், என்ன பெடல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடித்த கலைஞரின் ஒலி தன் கையிலும் வர வேண்டும் என்று ஆசைப்படாத கிட்டார்க்காரரை நான் பார்த்ததில்லை. எனக்கும் பல வருடமாக அதே ஆசைதான். அந்த ஆசையில் தேடிப் படித்தது, வாங்கிப் பார்த்தது, தப்பாக வாங்கித் திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் வைத்து, திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆம்ப் என்றால் கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் கருவி, பெடல் என்றால் இரண்டுக்கும் நடுவில் காலால் இயக்கி ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி.

எனக்குப் பிடித்தவர் வைத்திருப்பதை அப்படியே வாங்கினால் அதே ஒலி வருமா?

பாதி வழி வரும். மீதி கையில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: எந்த வருடத்து ஒலி? எரிக் கிளாப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு பதிவு செய்தபோது கையில் கிப்சன் லெஸ் பால், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்த மார்ஷல் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது). அந்த லெஸ் பால் அதே வருடம் திருடு போய்விட்டது. கிரீம் குழுவில் அவர் பெரும்பாலும் வாசித்தது கிப்சன் எஸ்ஜி, 100 வாட் மார்ஷல். 1970-களில் பார்த்தால் ஆள் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறியிருக்கிறார், அதுவும் மூன்று பழைய ஸ்ட்ராட்களைப் பிரித்து நல்ல பாகங்களை மட்டும் சேர்த்துக் கட்டிய கறுப்பு 'பிளாக்கி'. "கிளாப்டன் ஒலி வேண்டும்" என்று கேட்டால் எந்தக் கிளாப்டன் என்றுதான் திருப்பிக் கேட்க முடியும்.

ஜிம்மி பேஜ் விஷயம் இன்னும் வேடிக்கை. லெஸ் பாலும் மார்ஷலும் என்றாலே அவர் முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1968-இல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவர் முக்கியமாக வாசித்தது ஜெஃப் பெக் கொடுத்த டெலிகாஸ்டர், ஆம்ப் சுப்ரோ. அந்த ஆல்பத்தின் ஒலிக்காக லெஸ் பால் வாங்கிவிட்டு ஏன் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. மேடைப் புகைப்படத்தில் இருப்பதும் ஸ்டுடியோவில் ஓடியதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கையில் இருக்கிற காசை எதில் முதலில் போடுவது?

ஆம்ப், அதிலும் ஸ்பீக்கர். சுருதி நிற்கிற, ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சரியாக இருக்கிற ஒரு சாதாரண கிட்டாரை நல்ல ஆம்பில் மாட்டினால் ஆசையாக ஒலிக்கும். உயர்ந்த கிட்டாரை மோசமான ஆம்பில் மாட்டினால் பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற ஒலியை வேகமாக வெட்டிவிடுகிறது. ஆம்பின் கரகரப்பில் இருக்கிற கூர்மையான பகுதி அங்கேதான் மழுங்கி இனிமையாகிறது. ஒலியைக் கடுமையாகக் கரகரக்க வைக்கிற ஒரு ஃபஸ் பெடலை ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில் செருகிக் கேட்டுப் பாருங்கள், குளவிக் கூட்டம் காதுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் மூன்றுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

மூன்றும் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்தான், ஆனால் குணம் வேறு. 1960-களின் ஃபெண்டர்கள் சுத்தமான, மணி மாதிரியான ஒலிக்குப் பெயர் போனவை: கீழ் ஒலியும் மேல் ஒலியும் தாராளமாக இருக்கும், நடு ஒலி கொஞ்சம் குழிந்திருக்கும். மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45 ஃபெண்டரின் பேஸ்மேன் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பேஸ்மேனில் முதுகு திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர். மார்ஷலில் முதுகு மூடிய பெட்டிக்குள் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். கிடைத்த வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் கூட வேறு. சர்க்யூட் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக இருந்தும் ஒலி அவ்வளவு தூரம் விலகிப் போனதில் அந்தப் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் பெரிய பங்கு உண்டு. நான் ஸ்பீக்கர் ஸ்பீக்கர் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வாக்ஸ் ஏசி30-இல் இஎல்84 என்ற சின்ன வால்வுகள் நான்கு. வால்யூமை ஏற்ற ஏற்ற மேல் ஒலி மினுமினுக்கும், அப்புறம் மெல்ல உடைய, அதாவது கரகரக்கத் தொடங்கும். ஹேங்க் மார்வின், குவீன் குழுவின் பிரையன் மே, ரோரி காலகர், யூ2 குழுவின் எட்ஜ் எல்லாரும் இதே ஆம்பைத்தான் நம்பினார்கள். ஆனால் நான்கு பேரின் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆம்ப் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

வால்வு ஆம்ப் இல்லாமல் நல்ல ஒலி கிடைக்கவே கிடைக்காதா?

பி.பி. கிங் பல வருடம் லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பில் வாசித்தார். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120-ம் டிரான்சிஸ்டர்தான். சுத்தமான ஒலியும் கோரஸும் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பது போன்ற விரிவு) வேண்டும் என்றால் இன்றைக்கும் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும், தாராளமாக.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னென்ன வைத்திருந்தார்?

வலது கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து, இடது கைக்கு ஏற்றபடி கம்பியை மாற்றிப் போட்டிருந்தார். ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குவது) பக்கத்து பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது) சாய்வாக இருக்கும், மெல்லிய கம்பிகளின் பக்கம்தான் பிரிட்ஜுக்கு நெருக்கம். கிட்டாரைக் கவிழ்த்தால் அந்தச் சாய்வும் கவிழ்கிறது: தடிமனான கம்பிகள் இறுக்கமாகவும், மெல்லிய கம்பிகள் கொஞ்சம் உருண்டையாகவும் ஒலிக்கும். ஆம்ப் 100 வாட் மார்ஷல், கிட்டத்தட்ட முழு வால்யூமில். பெடல்களில் வாக்ஸ் வா-வா, ஃபஸ் ஃபேஸ், ரோஜர் மேயர் செய்து கொடுத்த ஆக்டேவியா, 1969-இல் இருந்து யூனி-வைப். பல பாடல்களில் சுருதி அரை ஸ்வரம் இறக்கி வைத்திருப்பார்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போகிற ஒன்று கிட்டாரின் வால்யூம் குமிழ். ஃபஸ் ஃபேஸைப் போட்டபடியே குமிழைக் குறைத்தால் கரகரப்பு கரைந்து பளிச்சென்ற சுத்தமான ஒலி வரும், திருப்பி ஏற்றினால் சீறும். ஒரே பெடலில் மூன்று நான்கு ஒலி. குமிழை எப்போதும் 10-இல் வைத்து வாசித்தால் இதில் பாதி கிடைக்காது.

அதே ஃபஸ்தான் வாங்கினேன். மெலிசாக, கேட்கச் சகிக்காமல் இருக்கிறது. பெடல் பழுதா?

எனக்கும் இதே நடந்தது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த ஒரு ஃபஸ்ஸை ஆசையாக வாங்கி, சுருதி பார்க்கும் பெடலுக்குப் பின்னால் மாட்டி, மாதக் கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். விற்றுவிடலாம் என்று முடிவு செய்த அன்று, சோதித்துக் காட்டுவதற்காக நேராகக் கிட்டாரில் இருந்து செருகினேன். உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒலி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் நடுவில் வேலி போட்டிருந்தேன்.

காரணம் இது: பழைய மாதிரி ஃபஸ், கிட்டார் பிக்கப்போடு நேரடியாகப் பேச வேண்டும். அதன் உள்வாசல் பிக்கப்பை நன்றாக இழுத்துப் பிடிக்கும், அந்த இழுப்பில்தான் கூர்மை குறைந்து குமிழுக்குக் கட்டுப்படுகிற குணம் வருகிறது. நடுவில் பஃபர் (பிக்கப்பின் சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள எந்தப் பெடல் வந்தாலும் அந்த உறவு அறுந்துபோகும். ஆகவே ஃபஸ்ஸை வரிசையில் முதலில் வையுங்கள். வா-வா பெடலோடு சண்டை போட்டால் இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஜெர்மானியத்துக்கு இன்னொரு குணம், வெப்பம் ஏறினால் அதன் நடத்தையே மாறும். அதனால்தான் பிறகு சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறினார்கள். அது நிலையாக நிற்கும், ஆனால் இன்னும் காரமாக ஒலிக்கும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: பழைய ஜெர்மானியம் ஃபஸ் பலவற்றில் மின்சாரத்தின் கூட்டல் கழித்தல் மற்ற பெடல்களுக்கு நேர்மாறாக இருக்கும், ஒரே ஒயரில் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

டியூப் ஸ்க்ரீமர் ஏன் எல்லார் காலடியிலும் இருக்கிறது?

லேசாகக் கரகரப்பு சேர்க்கிற இந்தப் பெடலைத் தனியாகக் கேட்டால் பெரிய விஷயமாகத் தெரியாது. கீழ் ஒலியைக் குறைத்து நடு ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஃபெண்டர் ஆம்பில் நடு ஒலி குழிந்திருக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தக் குழியை இது சரியாக நிரப்புகிறது. ஸ்டீவி ரே வான் அப்படித்தான் பயன்படுத்தினார்: ஃபெண்டர் ஆம்பை நன்றாக ஏற்றி வைத்து, முன்னால் டியூப் ஸ்க்ரீமரை வைத்து முட்டித் தள்ளுவது. டிரைவ் (கரகரப்பு) குமிழ் குறைவாக, லெவல் (ஒலி அளவு) அதிகமாக வைத்துப் பாருங்கள். மெட்டல் வாசிக்கிறவர்கள் வேறு காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கரகரப்பு நிறைந்த ஆம்புக்கு முன்னால் கீழ் ஒலியை வெட்டினால் தடிமனான கம்பிகள் குழையாமல் வெட்டு வெட்டாக வரும்.

ஸ்டீவி ரே மாதிரி 13 கேஜ் என்கிற தடித்த கம்பி போட்டால்தான் தடிமனான ஒலி வருமா?

வேண்டாம், விரல்தான் போகும். அவர் சுருதியை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார், விரல்களும் அசாத்தியமாக வலுவானவை, அப்படியிருந்தும் நுனி கிழிந்திருக்கிறது. ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் நூல் மாதிரி மெல்லிய கம்பிதான் போடுவார், அவர் ஒலியை யாரும் மெலிசு என்று சொல்ல மாட்டார்கள்.

பிங்க் ஃபிளாய்டின் கில்மோர் ஒலிக்கு எந்த பெடல்?

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பல குழப்பம் தீரும். ஆம்பையே உடைத்து வாசிப்பவர்கள் ஒரு கட்சி. ஆம்பைச் சுத்தமாக வைத்து, கரகரப்பு முழுவதையும் பெடலில் எடுப்பவர்கள் இன்னொரு கட்சி. ஹென்ட்ரிக்ஸ் முதல் கட்சி, டேவிட் கில்மோர் இரண்டாவது. அவருடைய ஹைவாட் 100 வாட் ஆம்ப் சத்தமாக வைத்தாலும் எளிதில் உடையாது, பெடல் என்ன கொடுக்கிறதோ அதைப் பெரிதாக்கித் தரும். சின்ன ஆம்பை உடைத்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் பிக் மஃப் என்ற ஃபஸ் பெடலைப் போட்டால் சேறுதான் வரும்.

வருடம் இங்கேயும் முக்கியம். 1970-களின் முதல் பாதியில் அவரிடம் ஃபஸ் ஃபேஸ், சுழலும் காந்தத் தட்டில் எதிரொலி பதிகிற பின்சன் எக்கோரெக். பத்தாண்டின் பின்பாதியில் பிக் மஃபும் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் ஃபிளாஞ்சரும் வந்து சேர்கின்றன. 1970-இல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டின் கழுத்தும் பிக்கப்பும்கூட இடையில் பல முறை மாறின. நீண்டு நிற்கிற அந்த ஒற்றை ஸ்வரத்தில் ஃபஸ்ஸைவிட டிலேக்கும் (எதிரொலிக் கருவி), பதறாமல் கம்பியை இழுக்கிற விரலுக்கும் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

எட்ஜ் வாசிக்கிற அந்தத் துள்ளல் டிலேயை எப்படி வைப்பது?

கணக்கு எளிது. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தாளத்தட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும். அதில் முக்கால் பங்கை டிலேக்கு வையுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500, டிலே 375. எதிரொலியின் அளவை அசலுக்குக் கிட்டத்தட்ட சமமாக வைத்து, நீங்கள் தட்டுக்கு இரண்டு ஸ்வரம் சீராக வாசித்தால் போதும், இடைவெளிகளை டிலே நிரப்பும். டிரம்மர் வேகம் மாறினால் எல்லாம் சரிந்துவிடும், அதனால் முதலில் மெட்ரோனோமோடு பழகுங்கள். அவர் ஆரம்ப காலத்தில் வைத்திருந்தது மெமரி மேன், பிறகு கோர்க் எஸ்டிடி-3000, முன்னால் 1964-ஆம் வருட ஏசி30.

வான் ஹேலன் மாதிரி வேரியாக் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து ஆம்பின் மின்சாரத்தை மாற்றலாமா?

செய்யாதீர்கள். எடி வான் ஹேலன் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை ஏற்றினார் என்று நெடுநாள் ஒரு பேச்சு உலவியது. உண்மையில் அவர் இறக்கினார், சுமார் 90 வோல்ட் வரைக்கும். ஆம்பை முழுக்க ஏற்றியும் சத்தத்தை அடக்கி வைக்க அது ஒரு வழி. பேச்சை நம்பி ஏற்றியவர்களின் ஆம்ப் புகைந்தது. வால்வு ஆம்புக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் அது தங்கியிருக்கும், தெரியாதவர் தொட்டால் உயிர் போகலாம். சத்தத்தை அடக்கும் அதே வேலைக்கு இன்று ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுகிற அட்டெனுவேட்டர் இருக்கிறது. ஸ்ட்ராட் உடலில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பைப் பொருத்தி அவர் செய்த ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டாரும், ஆரஞ்சு நிற ஃபேஸ் 90 பெடலும் பின்பற்ற ஆபத்தில்லாதவை.

எல்லாம் விலை உயர்ந்ததாக இருக்கிறதே, கையில் கிடைத்ததை வைத்து யாரும் சாதிக்கவில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் இன்று தேடித் தேடி வாங்குகிற ஒலிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தட்டுப்பாட்டுக்கு அந்தக் கலைஞர் கண்ட பதில்.

பிரையன் மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து தன் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குக் கட்டை ஒரு பழைய கணப்படுப்பின் முகப்பிலிருந்து வந்தது, டிரெமலோவுக்கு (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் கைப்பிடி) ஒரு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். குவீனின் எல்லா ஆல்பங்களிலும் அந்த ரெட் ஸ்பெஷல்தான். கம்பியை மீட்டும் பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். குழல் வாத்தியங்கள் சேர்ந்து ஊதுவது போல அவர் அடுக்குகிற கிட்டார்களுக்கு உதவிய 'டீக்கி' ஆம்ப், அதே குழுவின் ஜான் டீக்கன் குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துக் கட்டியது.

பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி இடது கைக்காரர். தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். கம்பியை அழுத்தும் கை அது. உருக்கிய பிளாஸ்டிக்கில் விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிக்கு மாறினார், பிறகு 1971-இல் வந்த ஆல்பத்தில் சுருதியையே ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும் என்பது நோக்கம், அதிலிருந்து ஒரு இசை வகையே கனத்தது. அவர் கையில் எஸ்ஜி, மேல் ஒலியை ஏற்றுகிற ஒரு டிரெபிள் பூஸ்டர், லேனி ஆம்ப். முதல் ஆல்பப் பதிவில் ஸ்ட்ராட்டின் பிக்கப் செத்துப்போனதால் எஸ்ஜியை எடுத்தவர், அப்புறம் அதை விடவே இல்லை.

1958-இல் லிங்க் ரே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார், 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கிழித்தார், ஏனென்றால் அவர்கள் மனதில் கேட்ட ஒலிக்குக் கடையில் பெடல் கிடையாது. ஃபிளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது, அதனால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் மூக்கால் பாடுவது போல ஒரு ஒலி. சரிசெய்ய வேண்டிய கோளாறு அது. அவருக்குப் பிறகு கேரி மூர், இன்று கிர்க் ஹாமெட் என்று கை மாறியும் அந்தக் கிட்டாரின் புகழே அந்தக் கோளாறுதான்.

பெடலே இல்லாமல் வாசிக்க முடியுமா?

ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங்: எஸ்ஜி, மார்ஷல், முடிந்தது. நீங்கள் நினைப்பதைவிடக் கரகரப்பு குறைவாக வைத்திருப்பார், பலமாக அடிப்பார். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் டெலிகாஸ்டரில் இருந்து ஒரு கம்பியைக் கழற்றியே விட்டார், ஐந்து கம்பி, ஓப்பன் ஜி சுருதி (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு வரும்).

100 வாட் ஆம்ப் தேவையா?

தேவையில்லை. 1960-களில் அரங்க ஒலிபெருக்கி வலுவில்லாததால் ஆம்பே கூட்டம் முழுவதற்கும் கேட்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் மார்ஷலிடம் பெரிய ஆம்ப் கேட்டார்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வெறும் 3 டெசிபல் வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். பெரிய மேடைகளில் நீல் யங் நம்பியது ஒரு சின்ன ஃபெண்டர் டீலக்ஸை, அதன் குமிழ்களைத் தானாகத் திருப்புகிற ஒரு கருவியையும் காலில் இயக்குவார். வீட்டில் 5 வாட்டே அதிகம்.

ஆம்பையும் பெடலையும் போல ஒலிக்கிற டிஜிட்டல் மாடலர் வாங்கினால் இதெல்லாம் வேண்டாமே?

வேண்டாம்தான். 1998-இல் பாட், 2006-இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-இல் கெம்பர் என்று வந்து, இன்று பெரிய மேடைகள் பலவற்றில் அவைதான். 2013-இல் மெட்டாலிக்கா அன்டார்டிகாவில் வாசித்தபோது ஸ்பீக்கரே கிடையாது, கேட்டவர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். ஆனால் இருநூறு ஆம்ப் உள்ளே இருக்கிறது என்று தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் பழகாது. ஒரு ஆம்ப், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மாதம். ஒலி பிடிக்கவில்லை என்றால் ஆம்பை மாற்றுவதற்கு முன் ஸ்பீக்கர் பெட்டியை மாற்றுங்கள், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பார்.

பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது?

ஃபஸ், வா-வா, டிரைவ், அப்புறம் கோரஸ் வகைகள், கடைசியில் டிலே, ரிவெர்ப். இது தொடக்கத்துக்கு மட்டும். ஆம்பின் முன்பகுதியிலேயே கரகரப்பு எடுக்கிறீர்கள் என்றால் டிலேயை எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்குப் பின்னால் பெடலைச் செருகும் வழி) போடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலியும் சேர்ந்து உடையும்.

ஒரு பதிவைக் கேட்டு என்ன வைத்திருந்தார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் அவர் கம்பியை மென்மையாகத் தொட்டு வாசிக்கிற இடத்தைத் தேடுங்கள். அங்கே கரகரப்பும் கரைந்தால் ஆம்ப் உடைகிறது, அல்லது ஃபஸ்ஸும் வால்யூம் குமிழும். மென்மையாக வாசித்தும் கரகரப்பு அப்படியே நின்றால் ஆம்ப் சுத்தமாக இருக்கிறது, முன்னால் கனமான பெடல் ஓடுகிறது. அடுத்து ஒரு ஸ்வரம் முடிகிற வாலைக் கேளுங்கள். ஃபஸ் என்றால் கடைசியில் விக்கி விக்கி அணையும், டியூப் ஸ்க்ரீமர் வகை மெல்ல மங்கும், டிலே இருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பிக்கப் எது என்பதைக் கடைசியில் பாருங்கள், அதற்குள் ஆம்பையும் பெடலையும் பிடித்திருப்பீர்கள்.